திரும்பி வரும் எண்ணெய்



இம்முறை நான் எழுத எடுத்துக்கொண்டிருப்பது, நம்மில் பெரும்பாலோர் கண்ணால் கண்டிராத ஓர் இயந்திரப் பகுதியைப் பற்றியது. பழைய பந்தயக் கார்களின் எஞ்சினில் ‘டிரை சம்ப்’ என்னும் எண்ணெய் அமைப்பு ஒன்று உண்டு. இங்கிலாந்தில் அத்தகைய எஞ்சின்களைப் பிரித்துச் சீரமைக்கும் பட்டறை ஒன்றில் நம் சகோதரர் ஒருவர் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறார். விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது, ஒரு மாலையில் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, தம் வேலையில் நேர்ந்த ஒரு தவற்றைப் பற்றிப் பேசினார். பேசி முடிக்க இரவு பத்து மணி ஆகிவிட்டது. அவருடைய அனுமதியோடு, பெயரைக் குறிப்பிடாமல், அதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அன்று அவர் சொன்னதைக் கேட்டும், பிறகு அதைப் பற்றித் தேடிப் படித்தும், எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டாயிற்று. பழைய எஞ்சினைச் சீரமைக்கிறவர், எண்ணெயை உள்ளே செலுத்தும் பாதையைக் காட்டிலும், அதை வெளியே எடுத்துச் செல்லும் பாதையின்மேல்தான் முதலில் கைவைக்க வேண்டும். இதற்கு நேர்மாறாகச் செய்யவே நம் மனம் விரும்புகிறது. எஞ்சினுக்குப் பொருந்தும் இந்த உண்மை நமக்கும் பொருந்தும் என்று எண்ணுகிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் எஞ்சினைப் பார்ப்போம்.

எண்ணெய் எங்கே நிற்கிறது?

நம் வாசலில் நிற்கும் சாதாரணக் காரில், எஞ்சினுக்கு அடியில் தட்டுப் போன்ற ஒரு தொட்டி இருக்கிறது. எண்ணெய் அதில் தேங்கி நிற்கும். ஒரு பம்ப் அதை உறிஞ்சி மேலே செலுத்தும். எண்ணெய் பேரிங்குகளையும் பிஸ்டன்களையும் நனைத்துவிட்டு, சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்கே திரும்பும். கடைவீதிக்கும் ஆலயத்துக்கும் போய்வருகிற வண்டிக்கு இந்த ஏற்பாடு போதும்.

பந்தயக் காருக்கு இது போதாது. பேருந்தில் தூக்குவாளியில் குழம்பு கொண்டுபோனவர்களுக்குக் காரணம் எளிதில் விளங்கும். வண்டி வளைவில் திரும்பும்போது குழம்பு ஒரு பக்கமாக ஏறி நிற்கும். பந்தயக் கார் வேகமாக வளையும்போது பக்கவாட்டு விசை புவியீர்ப்பு விசைக்குச் சமமாகுமானால், தொட்டியிலுள்ள எண்ணெயின் மேற்பரப்பு 45 பாகை சாய்ந்துவிடும். எண்ணெய் ஒரு பக்கச் சுவரில் ஏறி நிற்க, உறிஞ்சும் குழாயின் வாய் வெறுங்காற்றில் திறந்து கிடக்கும். பம்ப் எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றைச் செலுத்தத் தொடங்கும்.

அதன் விளைவு கொடியது. ஓடுகின்ற எஞ்சினில் கிராங்க் தண்டும் அதைத் தாங்கும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இரண்டுக்கும் இடையே தலைமுடியின் பருமனை ஒத்த இடைவெளிதான் உண்டு. அதில் ஓடும் எண்ணெய்ப் படலத்தின்மேல் தண்டு மிதந்தபடி சுழல்கிறது. சுமை அழுத்தும் இடத்தில் அந்தப் படலத்தின் தடிமன் சில மைக்ரான்களே. நிமிடத்துக்கு 9,000 சுற்று என்றால் நொடிக்கு 150 சுற்று ஆகிறது. அந்த வேகத்தில் எண்ணெய் சில நொடிகள் நின்றாலும் உலோகம் உலோகத்தை உரசும். பேரிங்கின் மென்மையான மேற்பூச்சு உருகிப் பரவும். பல மாத உழைப்பு ஒரே வளைவில் அழிந்துபோகும்.

தேங்கி நிற்கும் எண்ணெயால் இன்னொரு தொல்லையும் உண்டு. வேகமாகச் சுழலும் கிராங்க் தண்டு அந்த எண்ணெயை அடித்துச் சிதறச் செய்கிறது. எஞ்சினின் ஆற்றலில் ஒரு பகுதி இப்படி எண்ணெயைக் கடைவதிலேயே வீணாகிறது. கடையப்பட்ட எண்ணெய் மோர்போல நுரைக்கிறது. நுரைத்த எண்ணெய்க்குத் தண்டைத் தாங்கும் வலிமை இல்லை.

கொடுப்பதைவிட அதிகமாக எடுக்கும் பம்ப்

இந்த இரண்டு இடர்களுக்கும் பொறியாளர்கள் கண்ட தீர்வுதான் டிரை சம்ப். எஞ்சினின் அடியில் எண்ணெயைத் தேக்கி வைப்பதே இல்லை. அடித்தட்டு ஆழமற்றதாக இருக்கும். பேரிங்குகளிலிருந்து வடியும் எண்ணெயை அங்கே தங்கவிடாமல் பம்புகள் உடனுக்குடன் உறிஞ்சி, வேறோர் இடத்தில் தனியாக நிறுத்தப்பட்ட உயரமான தொட்டிக்கு அனுப்பும். எண்ணெய் அந்தத் தொட்டிக்குள் சுழன்றபடி இறங்கும்போது, அதில் கலந்திருக்கும் காற்று பிரிந்து மேலே போய்விடும். தொட்டியின் அடியிலிருந்து, அமைதி அடைந்த எண்ணெயை மட்டும் இன்னொரு பம்ப் எடுத்து, வடிகட்டியின் வழியே மீண்டும் எஞ்சினுக்குள் அழுத்திச் செலுத்தும். ஆழமான அடித்தட்டு இல்லாததால் எஞ்சினையும் தரையை ஒட்டித் தாழ்வாகப் பொருத்த முடிகிறது.

இங்கே ஒரு செய்தியை நீங்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். எண்ணெயை உள்ளே செலுத்தும் பம்பைவிட, வெளியே எடுக்கும் பம்புகளின் கொள்ளளவு அதிகமாக இருக்க வேண்டும். இரண்டு மடங்கோ அதற்கு மேலோ இருப்பது வழக்கம். உள்ளே போவது தூய எண்ணெய், வெளியே வருவதோ எண்ணெயும் காற்றும் கலந்த நுரை. ஒரு குவளை எண்ணெய் திரும்பி வரும்போது, காற்றைச் சேர்த்துக்கொண்டு அதைவிடப் பெரிய இடத்தை அடைத்துக்கொள்கிறது. இரண்டு பம்புகளும் சம அளவில் இருக்குமானால், எஞ்சினின் வயிற்றில் எண்ணெய் மெல்ல மெல்ல ஏறி, டிரை சம்ப் என்ற பெயரே பொய்யாகிவிடும். சகோதரர் இதைச் சொன்னபோது நான் இரண்டாம் முறையும் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். எடுக்கும் திறன் கொடுக்கும் திறனைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பது, அதுவரை என் சிந்தையில் தோன்றாத ஒன்று.

இந்தத் தத்துவம் நமக்கு முற்றிலும் அந்நியமானதும் அல்ல. 1955 முதல் சென்னையோடு இணைந்துவிட்ட என்ஃபீல்டு புல்லட்டின் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் இதே முறையைச் சேர்ந்தது. எண்ணெய்த் தொட்டி தனியாக நிற்காமல் எஞ்சின் கூட்டிலேயே ஓர் அறையாக வார்க்கப்பட்டிருக்கும். உள்ளே அனுப்ப ஒரு பம்ப், அறைக்குத் திருப்ப ஒரு பம்ப் என இரண்டு உண்டு. திருப்பும் பம்ப் அங்கும் பெரியதே. நம் ஊரில் புல்லட் பழுதுபார்க்கும் மூத்த மெக்கானிக் எவரையும் கேளுங்கள். எண்ணெய் அறையின் மூடியைத் திறந்து, எண்ணெய் திரும்பி விழுகிறதா என்று பார்ப்பது அவருக்குப் பழக்கமான சோதனை.

சகோதரரின் கையில் இருந்த எஞ்சின் காஸ்வொர்த் டி.எஃப்.வி. வகையைச் சேர்ந்தது. பந்தய வரலாற்றில் அதற்கு நிகரான பெயர் குறைவு. கீத் டக்வொர்த் வடிவமைத்த 2,993 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள இந்த வி-8 எஞ்சினை உருவாக்க, ஃபோர்டு நிறுவனம் 1,00,000 பவுண்டு அளித்தது. 1967 ஜூன் 4 அன்று நெதர்லாந்தின் ஸாண்ட்வூர்ட் பந்தயத்தில் லோட்டஸ் 49 காரில் அது முதன்முறையாக ஓடியது. ஜிம் கிளார்க் அந்த முதல் பந்தயத்திலேயே வெற்றி பெற்றார். 1983 வரை அந்த எஞ்சின் வகை உலகச் சாம்பியன் போட்டிகளில் 155 வெற்றிகளை ஈட்டியது.

அத்தனை புகழ்பெற்ற எஞ்சினிலும், எண்ணெயை உள்ளே செலுத்துவதைவிட வெளியே எடுப்பதே அதை ஆக்கியவர்களுக்குக் கடினமான வேலையாக இருந்தது. வெளியேறும் எண்ணெயிலிருந்து காற்றைச் சுழற்சியால் பிரிக்கும் ஒரு கருவியையும் அவர்கள் அதில் சேர்த்தார்கள். வெற்றிகளைப் பற்றிப் பேசும்போது அந்தக் கருவியை எவரும் நினைவுகூர்வதில்லை.

பதினெட்டு நிமிடங்கள்

அந்த எஞ்சின் பட்டறைக்கு வந்தபோது, பல ஆண்டுகளுக்கு முன் அதில் ஒரு பேரிங் சிதைந்திருந்தது அவர்களுக்குத் தெரியும். கிராங்க் தண்டை அளந்து மெருகிட்டார்கள். எல்லாப் பேரிங்குகளையும் புதிதாக இட்டார்கள். பிஸ்டன், ரிங், வால்வு ஸ்பிரிங் எதிலும் குறைவைக்கவில்லை. எண்ணெய்ப் பம்புகளைப் பிரித்துப் பார்த்தார்கள். தொட்டியைக் கழுவினார்கள். எண்ணெயைக் குளிர்விக்கும் ஆயில் கூலர் ஒன்றை மட்டும் மாற்றவில்லை. அது அந்தக் காரோடு தொடக்கம் முதல் இருந்தது என்று உரிமையாளர் பெருமையோடு சொல்லியிருந்தார். கரைப்பானை ஊற்றிக் கழுவி, காற்றடித்துப் பார்த்தபோது தெளிவான திரவமே வெளிவந்தது. சரியாக இருக்கிறது என்று கையெழுத்திட்டவர் நம் சகோதரர்.

சோதனை மேடையில் எஞ்சின் முதல் முயற்சியிலேயே உயிர்பெற்றது. அழுத்தமானியின் முள் உரிய இடத்தில் நின்றது. சுற்றியிருந்தவர்கள் கைகுலுக்கிக்கொண்டார்கள். பதினெட்டாம் நிமிடத்தில் முள் நடுங்கத் தொடங்கியது. சகோதரர் உடனே எஞ்சினை நிறுத்தினார். பிரித்துப் பார்த்தபோது, புதிய பேரிங்குகள் அத்தனையிலும் பழைய கிராமபோன் தட்டைப்போல வரிவரியாகக் கீறல்கள்.

வடிகட்டி இருக்கும்போது அழுக்கு எப்படி உள்ளே போயிற்று என்று நான் கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போதோ, வடிகட்டி அடைத்துக்கொள்ளும்போதோ, அதைத் தாண்டிச் செல்லும் ஒரு மாற்றுவழி தானாகத் திறந்துகொள்ளும். எண்ணெயே இல்லாமல் போவதைவிட அழுக்கு எண்ணெயாவது போகட்டும் என்பதற்கான ஏற்பாடு அது. ஆயில் கூலரின் குறுகிய அறைகளில், பழைய எண்ணெய்ப் பிசினில் ஒட்டிக்கிடந்த உலோகத் துகள்களைக் குளிர்ந்த கரைப்பான் அசைக்கவில்லை. சூடான புதிய எண்ணெயும் எஞ்சினின் அதிர்வும் அசைத்துவிட்டன. துகள்கள் திரண்டு வந்து வடிகட்டியை அடைத்தன. மாற்றுவழி திறந்தது. பேரிங்கின் மென்மையான பூச்சு ஓரளவு தூசியைத் தனக்குள் புதைத்துக்கொண்டு தண்டைக் காப்பாற்றும். அதற்கும் ஓர் எல்லை உண்டு.

இனி நடந்ததைத்தான் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். பேரிங்குகள் தரமற்றவை என்று சொல்லிவிடலாம் என்றொரு பேச்சு பட்டறையில் எழுந்தது. உரிமையாளருக்கு உண்மை தெரிய வழியில்லை. இரண்டு நாட்கள் அவர் வாய்திறக்கவில்லை. மூன்றாம் நாள் ஆயில் கூலரை எடுத்து இரம்பத்தால் குறுக்காக அறுத்தார். தகடுகளுக்கிடையே பழைய பேரிங்கின் துகள்கள் மீன் செதில்போல மின்னின. அந்தப் பாதியை எடுத்துக்கொண்டு போய் உரிமையாளரின் முன்வைத்தார். “இதை மாற்றியிருக்க வேண்டியவன் நான். மாற்றவில்லை” என்றார்.

உரிமையாளர் கோபத்தோடு வெளியேறினார். செலவைப் பட்டறை ஏற்றது. ஓராண்டுக் காலம் இறுதிக் கையெழுத்திடும் பொறுப்பு நம் சகோதரரிடமிருந்து எடுக்கப்பட்டது. அந்த உரிமையாளர் அதன்பின் அந்தப் பட்டறைக்கு வரவேயில்லை. “நான் சொன்னது சரிதானா பாஸ்டர்?” என்று அவர் கேட்டபோது, கைபேசியில் அந்த அறுபட்ட கூலரின் படம் திறந்திருந்தது. “சரிதான் தம்பி” என்பதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

சீரமைப்பின் ஒழுங்கு

அந்தத் தவற்றுக்குப் பின் அவர் தம் வேலையின் வரிசையையே மாற்றிக்கொண்டார். அந்த வரிசை எனக்கு மிகச் சரியானதாகத் தோன்றுகிறது.

முதலாவது, கழுவும் முன் பார்க்க வேண்டும். எண்ணெயை உறிஞ்சும் ஒவ்வொரு வாயிலிலும் ஒரு கம்பி வலை உண்டு. எஞ்சின் வந்தவுடன் அந்த வலைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் துணியில் தட்டிப் பார்க்கிறார். எந்த வலையில் துகள் மிகுதியோ, எஞ்சினின் அந்தப் பகுதியில் நோய் இருக்கிறது. காந்தத்தில் ஒட்டுவது இரும்பு. அது பற்சக்கரத்திலிருந்தோ தண்டிலிருந்தோ வந்திருக்கலாம். ஒட்டாமல் வெள்ளையாக மின்னுவது பிஸ்டனின் அலுமினியமாகவோ பேரிங்கின் மேற்பூச்சாகவோ இருக்கலாம். செம்புநிறம் தெரிந்தால் மேற்பூச்சு தேய்ந்து அடிப்பகுதி வெளிப்பட்டுவிட்டது என்று பொருள். வடிகட்டியையும் வெட்டி விரித்து மடிப்புமடிப்பாகப் பார்க்கிறார். அவசரப்பட்டுக் கழுவுகிறவர் இந்தச் சாட்சியங்கள் அத்தனையையும் சாக்கடையில் ஊற்றிவிடுகிறார்.

இரண்டாவது, உள்ளே பார்க்க முடியாததைக் கழுவிவிட்டு நம்பக் கூடாது. அதை மாற்ற வேண்டும். ஒருமுறை பேரிங் சிதைந்த எஞ்சினின் ஆயில் கூலரை மீண்டும் பயன்படுத்துவதில்லை என்பது இப்போது அவருடைய உறுதியான விதி. குழாய்களுக்கும் இதுவே சட்டம். வெளியே எஃகுக் கம்பிப் பின்னல் பளபளக்கும்போதே, உள்ளிருக்கும் ரப்பர் மூப்படைந்து உரிந்திருக்கலாம். உரிந்த ரப்பர்த் துண்டு கதவுபோலப் படபடத்து வழியை அடைக்கும். பம்ப் உறிஞ்சும் பக்கத்திலுள்ள குழாய், வலுவிழந்திருந்தால் உள்நோக்கி ஒடுங்கிவிடும். எஞ்சின் நின்றதும் பழைய வடிவுக்குத் திரும்பிவிடுவதால், தேடுகிறவர் கண்ணுக்குக் குற்றம் அகப்படாது.

தொட்டியையும் எளிதாக எண்ணக் கூடாது. உள்ளே தடுப்புத் தகடுகள் இருக்கின்றன. அவற்றின் பின்புறம் கை எட்டாது. இன்னும் பழைய எஞ்சின்களில் வேறொரு சிக்கலும் உண்டு. அந்நாளைய பந்தயங்களில் ஆமணக்கு எண்ணெயை விரும்பிப் பயன்படுத்தினார்கள். நம் பாட்டிமார் தலைக்கும் வயிற்றுக்கும் கொடுத்த அதே விளக்கெண்ணெய்தான். காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்தது. அது வெப்பத்தில் நன்றாக உழைக்கும். ஆனால் நாளடைவில் பிசினாகப் படியும். கனிம எண்ணெயோடு இணங்கிக் கலக்காது. பழையதை முழுதும் நீக்காமல் வேறு வகை எண்ணெயை ஊற்றுகிறவர், இரண்டின் நன்மையையும் இழக்கிறார்.

மூன்றாவது, பம்புகளை அளக்க வேண்டும். பார்வைக்கு நன்றாயிருப்பது போதாது. பற்சக்கரங்களின் பக்கவாட்டு முகத்துக்கும் மூடிக்கும் இடையேயுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் கொண்டு அளக்கிறார். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் எண்ணெய் முன்னே போவதற்குப் பதில் பின்னே கசியும். உள்ளே அழுத்திச் செலுத்தும் பம்ப் வடிகட்டிக்கு முன்பே நிற்பதால், வடிகட்டாத அழுக்கை முதலில் உண்பது அதுதான். எண்ணெயை வெளியே எடுக்கும் பம்புகளோ எஞ்சினிலிருந்து உதிரும் அனைத்தையும் விழுங்குகின்றன. அவற்றின் சுவர்களில் கீறல் இல்லாதிருப்பது அரிது. அழுத்தம் மிகாமல் காக்கும் ரிலீஃப் வால்வைக் கழற்றி, அது தன் துளையில் தடையின்றி நகர்கிறதா என்றும் பார்க்கிறார். ஒரு சிறு துகள் அதைத் திறந்த நிலையில் பிடித்துவைத்தால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் அழுத்தம் எழும்பாது.

கடைசியாக, எஞ்சினை இயக்குவதற்கு முன் எண்ணெயை ஓடவிட வேண்டும். பம்பை மட்டும் தனியாகச் சுழற்றி, எண்ணெய் எஞ்சினின் கடைக்கோடிவரை சேர்ந்துவிட்டது என்று கண்ணால் கண்ட பிறகே தீமூட்ட வேண்டும். எண்ணெயை முன்னதாகவே சூடாக்கிக்கொள்வதும் நல்லது. எண்ணெயின் அளவைக் குளிர்ந்த நிலையில் பார்த்து ஏமாறக் கூடாது. நெடுநாள் நின்ற எஞ்சினில், தொட்டியின் எண்ணெய் மெல்ல வடிந்து அடித்தட்டில் சேர்ந்திருக்கும். தொட்டியில் குறைவதைக் கண்டு மேலும் ஊற்றுகிறவர், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மிகுதியான எண்ணெய் மூச்சுக்குழல் வழியே பொங்கி வழிவதைக் காண்பார். ஓட்டி, சூடேற்றி, அதன்பின் அளப்பதே சரி.

ஒரு மறுப்பும் என் பதிலும்

இப்படி எல்லாவற்றையும் மாற்றினால் பழமையின் மதிப்பு என்னாகும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை நான் இகழவில்லை. 1967-ல் ஒரு தொழிலாளியின் கையால் செய்யப்பட்ட தொட்டியிலும், அவர் வார்த்த பம்பின் உடலிலும் ஒரு வரலாறு இருக்கிறது. பழைய கார்களுக்கான பந்தய விதிகளும் அக்காலத்து அமைப்பையே வலியுறுத்துகின்றன. பம்பின் கூட்டை எறிந்துவிட்டு நவீனப் பம்பைப் பொருத்துவதை நானும் ஏற்கமாட்டேன். கீறல் விழுந்த சுவரைக் கடைந்து சீர்செய்து, அதே கூட்டைப் பயன்படுத்துவதே மரியாதை.

ஆனால் ரப்பர் குழாயும் ஆயில் கூலரும் வடிகட்டியும், எஞ்சின் புதிதாயிருந்த நாட்களிலேயே தேய்ந்து மாற்றப்படுவதற்கென்று செய்யப்பட்டவை. அந்நாளைய மெக்கானிக்குகள் அவற்றை வைத்துப் போற்றவில்லை. கெட்டபோது கழற்றி எறிந்தார்கள். அவர்கள் எறிந்ததை நாம் போற்றுவது, அவர்களுடைய வேலையைப் புரிந்துகொள்ளாததன் அடையாளம். பழைய கூலரைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பாருங்கள். எண்ணெயை மட்டும் அதன் வழியே ஓடவிடாதீர்கள்.

செலவு மிகும் என்பது அடுத்த மறுப்பு. உண்மைதான். ஆனால் கிராங்க் தண்டுக்குச் செலவிட்டவர் கூலருக்குக் கணக்குப் பார்ப்பது சிக்கனம் ஆகாது. கண்ணுக்குத் தெரியும் இடத்தில் தாராளமும், தெரியாத இடத்தில் கஞ்சத்தனமும் காட்டுவது நம் இயல்பு. அந்தப் பதினெட்டு நிமிடங்களின் விலை அதுதான்.

நம்மிடத்தில்

அன்பானவர்களே, விளக்கில் எண்ணெய் இருக்கிறதா என்று ஒருவரையொருவர் கேட்டுப் பழகியவர்கள் நாம். நிரப்பும்படி வேண்டுகிறோம். அது நல்ல வேண்டுதல். எனினும், உள்ளே போனது எங்கே திரும்புகிறது, எதைச் சுமந்துகொண்டு திரும்புகிறது என்று நாம் கேட்பது குறைவு. புத்தாண்டில் புதிய தீர்மானங்களை எடுக்கிறோம். பத்தாண்டுக்கு முந்தைய பாகப்பிரிவினையில் அண்ணனோடு உண்டான கசப்பு, எந்தத் தகட்டின் இடுக்கிலோ ஒட்டிக்கிடக்கிறது. குளிர்ந்த நாட்களில் அது அசையாது. ஆகவே இல்லை என்று எண்ணிக்கொள்கிறோம். வாழ்க்கை சூடேறும் ஒரு நாளில் அது பெயர்ந்து வந்து, புதிதாய்ப் பொருத்தியதையெல்லாம் கீறிவிடுகிறது.

இதில் போதகர்களாகிய எங்கள் குற்றத்தையும் நான் மறைக்க விரும்பவில்லை. சபையில் உள்ளே செலுத்தும் பம்பை நாங்கள் வலிமையாக வைத்திருக்கிறோம். ஞாயிறுதோறும் பேசுகிறோம், வாரநாட்களில் எழுதுகிறோம், கூட்டங்களில் முழங்குகிறோம். மக்கள் தங்கள் உள்ளத்தில் வடிந்து தேங்கியதைக் கொண்டுவந்து ஊற்ற எங்களிடம் எத்தனை மணிநேரம் இருக்கிறது? வீடு சந்திக்கப் போனாலும், பாதி நேரம் நாங்களே பேசிவிட்டு எழுந்துவிடுகிறோம். அவர்கள் சொல்ல வருவது தூய எண்ணெயாக வராது. கோபமும் அழுகையும் கலந்து நுரையாகத்தான் வரும். அதற்கு இடம் அதிகம் வேண்டும், நேரமும் அதிகம் வேண்டும். கொடுக்கும் அளவைப்போல் இரண்டு மடங்கு கேட்கிறவனே நல்ல மேய்ப்பன் என்று இப்போது நினைக்கிறேன். அந்த அளவுகோலில் நான் குறைவுள்ளவனாகவே நிற்கிறேன்.

வருகைப் பதிவேட்டையும் பாடலின் சத்தத்தையும் கண்டு நாம் திருப்தி அடைவது, அழுத்தமானியின் முள்ளை மட்டும் பார்த்துக் கைகுலுக்கிக்கொண்டவர்களைப் போன்றது. பதினெட்டு நிமிடம்வரை அந்த முள்ளும் நன்றாகத்தான் நின்றது.

நம் சகோதரர் திரும்பவும் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். கையெழுத்திடும் பொறுப்பை மீண்டும் பெற்றுவிட்டதாகச் சென்ற வாரம் செய்தி அனுப்பியிருந்தார். அன்றிரவு திண்ணையில் அவர் பேசியது ஏறத்தாழ நான்கு மணிநேரம். நான் பேசியது மிகக் குறைவு. போகும்போது அவர் முகம் தெளிந்திருந்ததை நான் கண்டேன்.

ஆகவே இந்த வாரம் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நெடுநாளாகச் சொல்லாமல் வைத்திருப்பது ஏதேனும் உண்டானால், நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் அதைச் சொல்லுங்கள். அப்படி ஒருவர் உங்களைத் தேடி வந்தால், அறிவுரையை ஒத்திவைத்து, அவர் முடிக்கும்வரை உட்கார்ந்து கேளுங்கள். என்னைத் தேடி வருகிறவர்களுக்காகச் செவ்வாய், வியாழன் மாலைகளில் திண்ணையில் காத்திருப்பேன். பிரசங்கம் செய்யமாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.

அடுத்த வாரம் சந்திப்போம்.